ஆறு ஆமைக்குஞ்சுகளும் அம்மாவின் காய்ந்த உமியும்

சூடேறிய நெல்லுமிக்கு ஒரு வாசம் உண்டு. வறுத்த அரிசி போலத் தொடங்கி, தூசியாக மூக்கில் ஏறி, கடைசியில் தொண்டையில் ஒரு வறட்சியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கோழிப்பண்ணையில், குஞ்சுக் கொட்டகையை ஒட்டிய இரண்டறை வீட்டில் நான் வளர்ந்தவள் என்பதால், என் பள்ளிச் சீருடை, பாடப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் பாவாடை என்று எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறியிருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதற்காக மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். நாமக்கல் பக்கத்தில் பாதி வகுப்புக்குக் கோழிதான் சோறு போட்டது என்பதால் அவளுடைய கேலிக்குச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் இருபது நாள், ஒரு மாதம். பண்ணைக்காரர் ராசிபுரத்தில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அந்தக் கொட்டகைக்கு ராணி என் அம்மாதான். பெயர் ஆரோக்கியமேரி, சுற்றுவட்டாரத்துக்கு மேரியக்கா. அட்டைப்பெட்டிகளில் ஒருநாள் வயதில் வந்து இறங்கும் கோழிக்குஞ்சுகளை எட்டு வாரம் வளர்த்து அனுப்புவது அவள் வேலை. "மேரியக்கா கையில குஞ்சு சாகாது" என்று மற்ற பண்ணைக்காரர்களே சொல்வார்கள். அது சற்று மிகைதான், ஆனாலும் யாராவது அதைச் சொல்லும்போது அம்மா மறுத்து நான் பார்த்ததில்லை.

அவளுடைய வித்தை எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும்: காய்ச்சல். உடம்புக்கு வருவதல்ல, தரை காய்ந்திருப்பது. கொட்டகைத் தரையில் பரப்பிய உமி (பண்ணைப் பேச்சில் "லிட்டர்") நனைந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும், வந்தால் கொத்துக் கொத்தாகப் போய்விடும். அதனால் அவள் காலையும் மாலையும் ஒரு கைப்பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பார்ப்பாள். பொலபொலவென்று உதிர்ந்தால் முகம் மலரும். உருண்டையாக நின்றால் அன்றைக்கு வேலைக்காரர்கள், நான், தண்ணீர்க் குழாய், எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு யாரும் கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கொட்டகைக் கதவில் ஒரு அட்டை தொங்கும். விடிந்ததும் அம்மா செத்த குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்து எண்ணுவாள், கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்து பார்ப்பாள், பிறகு அட்டையில் தேதி, இறப்பு எத்தனை, எதனால் என்று எழுதுவாள். அதை எழுதி முடிக்காமல் அவள் வாயில் காப்பி படாது. காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எழுதிவிட்டுப் போய்ப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணைகளில் அட்டையில் எண்ணைக் குறைத்துப் போடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் அட்டையில் எண்ணே குறைவு, அதனால் குறைத்துப் போட வேண்டிய தேவை இல்லை என்று நான் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், புரட்டாசி மாதம், பண்ணைக்காரர் இன்னொரு கொட்டகை கட்டுவதற்காக மேற்கே இருந்த காட்டைச் சுத்தம் செய்ய ஆள் விட்டார். காடு என்றால் மரக்காடு அல்ல. ஆவாரை, சூரை, சப்பாத்திக்கள்ளி, நடுநடுவே சரளை மேடு. ஜேசிபி ஒரு மேட்டைப் புரட்டிப் போட்டபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார். போய்ப் பார்த்தால், பெயர்ந்து கிடந்த மண்கட்டிக்குள் ஆறு ஆமைக்குஞ்சுகள், பக்கத்தில் வெள்ளையாக உடைந்த முட்டை ஓடுகள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒவ்வொன்றும். மஞ்சள் முதுகில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. எங்கள் பக்கம் "கட்டாமை" என்போம், புத்தகத்தில் நட்சத்திர ஆமை. தண்ணீரில் வாழாத, தரையிலேயே திரியும் ஆமை.

அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் சைக்கிளில் ஒரு காவலர் வந்தார், குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், வர ஒன்றரை மாதமாகுமாம், அலுவலகத்தில் ஒரு பீரோவும் இரண்டு நாற்காலியும்தான் இருக்கிறதாம், முட்டை ஓட்டைவிட்டு இப்போதுதான் வந்த குஞ்சுகளைக் காட்டில் விட்டால் காக்காய் தூக்கிவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஆயிரக்கணக்குல குஞ்சு வளக்கறீங்க. இந்த ஆறப் பாத்துக்க மாட்டீங்களாக்கா?" என்றார். வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் அம்மா யோசித்திருப்பாள். இப்படிக் கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதிகாரி வரும்வரை இவர் பொறுப்பில் ஆறு குஞ்சுகள் என்று காவலர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா வீட்டின் பின்னறையைக் காலி செய்தாள். பிறகு, நாமக்கல்லில் குஞ்சு வளர்க்கும் யாரும் செய்யக்கூடியதை அப்படியே செய்தாள். தகரத் தடுப்பை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே காய்ந்த உமியை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, நடுவில் தகரக் குடைக்கு அடியில் பல்பு எரியும் "புரூடரை" வைத்து, தண்ணீருக்குக் கோழிக்குஞ்சுகளின் கவிழ்த்த குடுவையையும் தீவனத்துக்குத் தட்டையும் வைத்தாள். காவலர் சொன்னதற்காகக் கொஞ்சம் கீரையும் போட்டாள். முடித்துவிட்டு ஒரு கைப்பிடி உமியை அள்ளி, பிடித்து, உதிர்த்துப் பார்த்தாள். உமி அருமையாக உதிர்ந்தது.

ஒரு வாரம் எங்கள் வீடு திருவிழாக் கோலம்தான். புதுச்சத்திரத்திலிருந்து சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள், பங்குச் சாமியார் வந்தார், மூக்கைப் பிடித்துக் காட்டிய என் வகுப்புக்காரிகூட அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோழி வளர்க்கிறவளுக்கு ஆமை பெரிய விஷயமா என்று ஒருவர் சொல்ல, அம்மா சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். குஞ்சுகள் மட்டும் யாரையும் சட்டை செய்யவில்லை. பெரும்பாலும் உமிக்குள் புதைந்து கிடந்தன. எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்றுதான் கண்ணில் படும். நல்ல தூக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வாரம் அம்மாவுக்குப் புதிய கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. முதல் பத்து நாள் அவளுக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. அதனால் ஆமைகளை எண்ணும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் உமியைக் கிளறி ஆறையும் எண்ணி, கொட்டகை வாசலில் நின்று சொல்ல வேண்டும். அம்மா கதவிலிருந்த கோழி அட்டைக்குப் பக்கத்தில் ஆமைக்கென்று தொங்கவிட்ட அட்டையில் எழுதிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் காலை ஒன்று செத்துக் கிடந்தது. தலையை வெளியே நீட்டியிருந்தது, கண் குழிக்குள் போயிருந்தது, கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி போல் கனமே இல்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை; முதலில் பயம்தான் வந்தது. மறுநாள் பண்ணைக்காரர் தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆமை பார்க்க வருவதாக இருந்தார். மேரியக்கா கையில் குஞ்சு சாகாது என்று எத்தனை பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன். கொட்டகை வாசலில் நின்று, "ஆறும் இருக்குதும்மா" என்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே பேனாவை எடுத்தாள்.

பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கணக்குப் பாடத்தில் உட்கார்ந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் ஆமை அட்டையில் அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் இறப்புக்கு நேரே ஒரு பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம், அவர் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னித்து விட்டுவிடுவார் என்று நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அம்மாவிடம் மூன்று மந்திரத்தோடு முடியாது என்று தெரியும்.

ஞாயிறு வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. புதுக் குஞ்சுகள் ஒருவழியாகத் தீவனத்தில் பழகிவிட்டதால், அம்மா தானே ஆமை அறைக்கு வந்து உமியை முழுக்கக் கிளறினாள். உயிரோடு நான்கு. ஓரத்தில் ஒன்று செத்திருந்தது. ஆறாவதைத் தேடி உமியை ஒருபக்கமாக வாரிக் குவித்தாள், தகரத்தைத் தூக்கிப் பார்த்தாள், பூனை வந்ததா என்று ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன்.

அடிப்பாள் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். அவள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எந்தக் காலை? தலை உள்ளேயா வெளியேயா? கண் எப்படி இருந்தது? கனமா, லேசா? அடியில் ஈரம் ஏதாவது இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மொதல்ல செத்தது எதுக்குச் செத்துதுன்னு பாத்தாத்தான் சாமி, ரெண்டாவது சாகாம நிறுத்த முடியும். அட்டை அதுக்குத்தான். எம் பேருக்கில்ல."

அன்றைக்குக் கோழிக் கொட்டகைக்கு வேறு ஆளை விட்டுவிட்டு அவள் அந்த அறையிலேயே இருந்தாள். செத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைத் திறக்கக் கத்தரிக்கோல் ஏறாது. அதனால் எச்சத்தைப் பார்த்தாள். உமியில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் போலக் கிடந்ததே தவிர ஓர் இடத்தில்கூட ஈரம் இல்லை. தண்ணீர் கிடைக்காத கோழிக்குஞ்சும் இப்படித்தான் வெள்ளையாகக் கழியும் என்பது அவளுக்குத் தெரிந்த பாடம். தண்ணீர்க் குடுவையின் விளிம்பில் விரலை வைத்தாள், அந்த விரலை ஓர் ஆமைக்குஞ்சின் தலைக்கு நேரே கொண்டுவந்தாள். விளிம்பு இரண்டு மடங்கு உயரம். பத்துப் பன்னிரண்டு நாளாக அந்தக் குஞ்சுகள் தண்ணீருக்குப் பக்கத்தில், தண்ணீர் இருப்பதே தெரியாமல், பல்புக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தன.

பிறகு எழுந்து பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, குஞ்சின் தாடைக்கு மேல் ஏறாதபடி அளந்து, இருப்பதிலேயே சோர்ந்துபோன ஒன்றைத் தூக்கி அதற்குள் விட்டாள். அது கல் மாதிரி கிடந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது. கழுத்து வெளியே வந்தது, நீண்டது, அப்படியே முகம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. தொண்டை ஏறி இறங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. ஒரு ஜெபமாலை சொல்லிவிடலாம், அவ்வளவு நேரம் குடித்தது. குடித்து முடித்ததும் தண்ணீரிலேயே வெள்ளையாகக் கழிந்துவிட்டு, காலை உதைத்துக்கொண்டு தட்டின் விளிம்பில் ஏறப் பார்த்தது. அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

நான்கும் குடித்தன. ஆனால் அம்மாவுக்கு அது போதவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்து, ஜேசிபி புரட்டிப்போட்ட மேட்டுக்குப் போனாள். மேல் மண் கால் வைக்க முடியாமல் சுட்டது. கூடு இருந்த குழியின் பக்கச் சுவரைக் களைக்கொத்தால் முழ ஆழம் கொத்திக் கையை உள்ளே விட்டாள். என் கையையும் பிடித்து உள்ளே வைத்தாள். சில்லென்று, பிசைந்த மாவு போல், ஈரமாக இருந்தது. முட்டையிலிருந்து வந்த பிறகும் மழை பெய்து மேல் மண் இளகும்வரை குஞ்சுகள் இந்த ஈரத்துக்குள்ளேதான் காத்துக் கிடக்கும் என்று பிற்பாடு நான் படித்தேன். அம்மா படிக்கவில்லை, கையை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அந்த அறையிலிருந்த உமி அத்தனையையும் வாரி வெளியே கொட்டியதுதான். நாங்கள் சுமந்து வந்த மண்ணோடு தேங்காய் நார்த்தூளைக் கலந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். பல்பை நடுவிலிருந்து எடுத்து ஒரு மூலைக்கு மாற்றினாள், சூடு வேண்டியது இந்தப் பக்கம் வரட்டும், வேண்டாதது அந்தப் பக்கம் போகட்டும் என்று. எதிர்மூலையில் உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்த சாக்கைப் போட்டு, உள்ளே இருட்டும் ஈரமுமாக ஒரு குகை செய்தாள். மண்தட்டை விளிம்பு தரைக்குச் சமமாக வரும்வரை மண்ணுக்குள் இறக்கினாள், தடுக்கி விழாமல் இறங்கி ஏறச் சில கூழாங்கற்களையும் போட்டாள். கோழித் தீவனத்தை நிறுத்திவிட்டுப் புல், செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி, மேலே ஒரு சிட்டிகை கிளிஞ்சல் தூள். காலைக் காப்பிக்கு முன் நான்கையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வைப்பது என் வேலை என்றாள். எண்ணும் வேலையும் என்னிடமே இருக்கட்டும் என்றாள். அதை வாங்கிவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் பண்ணையில் பார்க்கக் கிடைக்காத ஒரு காட்சி தினமும் நடந்தது. நனைந்த உமிக்காக ஊரையே திட்டுகிற மேரியக்கா, ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்து கைவிரலால் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தாள். வேலைக்காரர்கள் வாசலில் நின்று, "என்னுங்கக்கா, லிட்டர் நனையுது, பாத்துக்குங்க" என்று பழிவாங்கினார்கள். அம்மா அசரவில்லை. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கித் திறந்தாள். உருண்டையாக நின்றால் சரி, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம். இருபது வருடம் உதிர வேண்டும் என்று பார்த்த கை, இப்போது நிற்க வேண்டும் என்று பார்த்தது. ஐப்பசி மழையில் அறை குளிர்ந்து ஒரு குஞ்சுக்கு மூக்கில் நுரை கட்டியபோது, ஈரம் இருக்கலாம், ஈரத்தோடு குளிர் சேரக் கூடாது என்று கண்டுபிடித்துப் பல்பைக் கீழே இறக்கினாள். அதையும் அட்டையில் எழுதினாள். கோழிக் கொட்டகைக்குப் போகும்போது செருப்பை மாற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனாள். இரண்டு உலகத்தையும் ஒரே ஆளாக அவள் கட்டிக் காத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கார்த்திகையில் அதிகாரி ஜீப்பில் வந்தார். நான்கு குஞ்சுகளும் தட்டிலிருந்து தட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மஞ்சளுக்கு நடுவே கறுப்பு பிரிந்து கோடு கோடாகத் தெரியத் தொடங்கியிருந்தது, முதுகு புடைப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது. அவர் கையில் எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக வளர்ந்த குஞ்சுகளைத் தான் பார்த்ததில்லை என்றார். ஒப்படைப்புத் தாளை முட்டியில் வைத்து எழுதிக்கொண்டே, ஆறில் இரண்டு இயற்கையாக இறந்தன என்று போட்டுவிடுகிறேன் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பண்ணைக்காரரும் வேலைக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

"இயற்கையா சாகலீங்க சார்," என்றாள் அம்மா. "கோழிக்குஞ்சாட்ட நெனச்சு நாந்தான் காய வெச்சுப் போட்டேன். தண்ணியில்லாமத்தான் செத்துது. அப்படியே எழுதுங்க, அடுத்து வளக்கறவங்களுக்கு ஆகும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதி, அவளிடமும் கையெழுத்து வாங்கினார். மேரியக்கா கையில் குஞ்சு சாகாது என்ற பேச்சு அன்றோடு போய்விடும் என்று நான் நினைத்தேன். அது போகவில்லை. ஆனால் அந்தத் தாளில் எங்கள் வீட்டிலிருந்து விழுந்தது அம்மாவின் கையெழுத்து மட்டும்தான். முதல் சாவை மூன்று நாள் மறைத்தது அவளுடைய மகள் என்பதை அம்மா சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நானும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பண்ணை நான்குபக்கமும் மூடிய, மின்விசிறி ஓடும் பெரிய கூடமாகிவிட்டது. உமி இல்லை, புரூடர் இல்லை, கதவில் அட்டை இல்லை. இறப்பைக் கைப்பேசியில் ஏற்றுகிறார்கள். ஆவாரையும் சூரையும் இருந்த மேட்டில் கலர்க்கல் நட்டு மனை பிரித்து, சில மனைகளில் வீடும் எழும்பிவிட்டது. கட்டாமை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் கைப்பேசியில் தேடித்தான் காட்டுவார்கள். நான் அயோத்தியாப்பட்டணத்தில் பள்ளி ஆசிரியை. அம்மா என்னோடு இருக்கிறாள், மூட்டுவலியைத் தவிர எதற்கும் அடங்காமல்.

போன மாதம் ஓர் இளம் வனக்காவலர், பெண், எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கடத்தலில் பிடிபட்ட பதினொரு கட்டாமைக் குஞ்சுகள் அவள் பொறுப்பில் இருக்கின்றனவாம். அலுவலகப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது அம்மா கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் கிடைத்ததாம். கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். எல்லாத் தாளிலும் இயற்கை இறப்பு என்றுதான் இருக்கிறது, தன்மேல் தப்பு என்று ஒருவர் எழுதச் சொன்ன தாள் இது ஒன்றுதான், அதனால்தான் இங்கே வந்தேன் என்றாள். அவளுடைய குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று நான் கேட்டதற்கு, நன்றாக இருக்கின்றன, சும்மா ஒரு சந்தேகம் கேட்கத்தான் என்றாள்.

எனக்கு ஏனோ அதற்குமேல் தாங்கவில்லை. அந்தத் தாள் முழுசல்ல என்றேன். முதலில் செத்ததை நான்தான் சீருடைப் பையில் போட்டு மறைத்தேன், நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டாவது பிழைத்திருக்கும் என்றேன். ஐம்பதை நெருங்கும் டீச்சர், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் கட்டிலில் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தாள். அந்தப் பெண் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்களுதுலயும் மூணு போயிருச்சுங்கக்கா," என்றாள் பிறகு. "நான் இன்னும் ரிஜிஸ்டர்ல ஏத்தல."

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவர்கள் இருவரும் பேசினார்கள். அந்தப் பெண்ணிடம் காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி இருந்தது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது; குளியலறைக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் கொண்டுபோய் எண் மாறுவதைப் பார்த்தாள். தட்டின் உயரம், பல்பின் மூலை, காலைக் குளியல் எல்லாம் பேசி முடித்து, அந்தப் பெண் வண்டியை எடுக்கும் முன் எங்கள் வாசலிலேயே நின்று மூன்று என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். எட்டுக் குஞ்சுகள் மீதி.

நேற்றுக் காலை அவள் கூப்பிட்டாள். கைப்பேசியை எடுத்தது நான். எப்படி இருக்கின்றன என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள்ளேயே, "ஏழுங்கக்கா," என்றாள்.